தண்ணீர் கல்லாகக் கிடக்கும் ஊர்

செகந்திராபாத்
12 மார்ச் 2004

பத்மா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கோபமாகத்தான் பிரித்திருப்பாய். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உன் இரண்டு கடிதங்களுக்கும் கிறிஸ்துமஸ் கார்டுக்கும் நான் பதில் போடவில்லை. காரணத்தை இழுத்தடிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன. முதலில் கால் வீங்கியது, நடந்து நடந்து வீக்கம் என்று நினைத்தேன். அப்புறம் முகம். அப்புறம் ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு நின்றுபோய் உட்கார்ந்துவிட்டேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மெஷின் என் ரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. இந்தக் கடிதத்தையும் அதில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடது கையில் ஊசிகள். வலது கை சும்மாதானே கிடக்கிறது.

மெயில் போட்டிருக்கலாமே என்பாய். ஹைடெக் சிட்டி வேலையை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் ஷெர்வின் ஆபீஸில்தான் இருக்கிறது. நீ ஒரு தடவை தமிழில் அனுப்பியதை அவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்; பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தோம்.

இன்றைக்கு எழுதத் தோன்றியதற்குக் காரணம் பேப்பரில் வந்த செய்தி. செவ்வாய் கிரகத்தில் இறங்கிய வண்டி அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்ததற்குத் தடயம் கண்டுபிடித்துவிட்டதாம். பக்கத்துக் கட்டில் ராமசுவாமி சார் சத்தமாகப் படித்துக் காட்டினார். ரிட்டயர்ட் தாசில்தார், எதையும் உத்தரவு மாதிரிதான் படிப்பார். எனக்கு உடனே நாம் காலேஜ் நாட்களில் போன ராமச்சந்திராபுரம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா ஞாபகம் வந்துவிட்டது. பட்டிமன்றம். 'வேற்று உலக உயிருக்குத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா?' தலைப்பு கொடுத்தவரும் வேதாசலம் சார், நடுவரும் அவரே. நீ 'வேண்டாம்' கட்சி, நான் 'வேண்டும்' கட்சி. நீ அமோனியா, மீத்தேன் என்று கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பேசினாய். நான் மைக்கைப் பிடித்து, "தண்ணி குடிக்காதது எதுவா இருந்தாலும் அதை உயிருன்னு நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன். கைதட்டலில் பந்தல் ஆடியது. எனக்கு எவர்சில்வர் குடம், உனக்கு எவர்சில்வர் டம்ளர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ அந்த டம்ளரை ஜன்னல் வழியாக எறியப் பார்த்தாய்.

எனக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஃபிளாஸ்க் தண்ணீர்தான். காலையில் ஷெர்வின் நிரப்பி வைத்துவிட்டுப் போவார். டீ, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது, எல்லாம் அதற்குள். அதற்கு மேல் குடித்தால் உடம்பிலேயே தங்கி நுரையீரலுக்கு ஏறிவிடும். வெயில் தொடங்கிவிட்டது. நாக்கு வறண்டால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையக் கூடாதே என்று ஜெபிக்கிறேன்.

நீ இப்போது பெரிய ஆராய்ச்சிக்காரி. அதனால் கேட்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னது உண்மையா? தண்ணீரே வேண்டாத ஓர் உயிர் எங்கேயாவது இருக்க முடியுமா? இருக்கும் என்று சொல். குடத்தை உனக்கே கொடுத்துவிடுகிறேன்.

பிளெசி


பான், ஜெர்மனி
2 ஏப்ரல் 2004

பிளெசி,

உன் கடிதத்தை ஆய்வகத்து வராந்தாவில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போய் அங்கே நின்றேன். ஒரு வருடமாக நான் உன்மேல் கோபமாக இருந்தேன். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, அதைத்தான் இவள் மனதில் வைத்திருக்கிறாள் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டிருந்தேன். நீ ஊசியோடு படுத்திருந்திருக்கிறாய். என்னிடம் சொல்ல உனக்கு ஏன் மனம் வரவில்லை? மாரட்பள்ளி வீட்டில் உன் கட்டிலில் பாதி என்னுடையது என்று உன் மம்மி டோரிஸ் ஆன்ட்டியே சொல்வார்களே.

சரி, கேள்விக்கு வருகிறேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் பேசியது பாதி நூலகத்தில் படித்தது, பாதி திமிர். இப்போது அதே மீத்தேனைத்தான் உறைகுளிரில் திரவமாக்கி வைத்துக்கொண்டு, அதில் என்ன கரைகிறது, என்ன கரையவில்லை என்று தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் எதுவும் கரைவதில்லை. தண்ணீர் அப்படி இல்லை பிளெசி. உப்பு, சர்க்கரை, பிராணவாயு என்று எல்லாரையும் உள்ளே விடும். எவ்வளவோ சூடானாலும் திரவமாகவே இருக்கும். உறைந்தால் மேலே மிதக்கும், அதனால் குளத்தின் அடியில் மீன் பிழைத்துக்கொள்ளும். வேலை தெரிந்த வீட்டுக்காரி மாதிரி அது. இத்தனையும் ஒரே பொருளில் சேர்ந்து வருவதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஆனாலும் முடியவே முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. மீனிடம் போய்க் கேட்டால், கடல் இல்லாத இடத்தில் எப்படி ஊர் இருக்கும் என்றுதான் கேட்கும். நாமும் தண்ணீரில் பிறந்தவர்கள். சனி கிரகத்தைச் சுற்றுகிற டைட்டன் என்ற நிலவில் மீத்தேன் மழை பெய்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு விண்கலம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஜனவரியில் அதிலிருந்து ஒரு கருவி இறங்கப் போகிறது. அந்தக் குழுவில் நான் இல்லை, அவர்கள் கேட்கிற கணக்குகளில் சிலவற்றை எங்கள் ஆய்வகம் செய்து கொடுக்கிறது. அதுவரை பொறு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று. கல்லூரி ரத்ததான முகாமில் நாம் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். என்னுடையது ஓ பாசிட்டிவ் என்று உனக்குத் தெரியும். ஓ குரூப் யாருக்கும் கொடுக்கலாம். நான் இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன். எனக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்று உனக்கு. மறுக்காதே.

பத்மா


செகந்திராபாத்
21 மே 2004

பத்மா,

நக்கோ. எங்கள் செகந்திராபாத் பாஷை உனக்கு மறந்திருக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

சொந்தக்காரி இல்லாதவள் கொடுக்க வந்தால் ஒரு கமிட்டி உட்கார்ந்து இருவரையும் திருடர்களைப் போல விசாரிக்கும். அது கிடக்கட்டும். உன் அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வசந்தகுமாரி ஆன்ட்டி உன் கல்யாணத்துக்காக வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மகள் வயிற்றில் என் பெயரால் ஒரு தையல் வேண்டாம். ஆராய்ச்சிக்குப் போனவள் ஆராய்ச்சியைப் பார்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. போன வாரம் சர்ச்சில் ஒரு கல்யாணம். மதிய விருந்து, வெயில் கொளுத்தியது. எல்லோரும் தம்ளர் தம்ளராக மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கறிவேப்பிலை, இஞ்சி, மேலே ஐஸ் மிதந்தது. நான் ஒன்று எடுத்தேன். பிறகு எத்தனை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. குடிக்கும்போது யாரையும் பார்க்கவில்லை, பந்தலின் சாட்டின் துணியைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பத்மா, அது போல ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. சாயங்காலம் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால் மூச்சு இல்லை. ஷெர்வின் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெஷினில் போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். மனுஷன் என்னைத் திட்டவே இல்லை. காலையில் ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டே அழுதார்.

ஷெர்வின் ரத்தம் எனக்குப் பொருந்தாது. மம்மிக்குச் சர்க்கரை. டாக்டர் எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றுவிட்டார். "கைக்கு என்னை இவ்வளவு நாள் உசிரோட வச்சிருக்கார் கர்த்தர்? ஒரு கிட்னிக்குக்கூட பிரயோஜனம் இல்லாம" என்று மம்மி ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தமாகக் கேட்டார்கள். கோபம் வந்தால் மம்மிக்கு 'எதுக்கு' எல்லாம் 'கைக்கு' ஆகிவிடும், தெரியுமே.

சிலாஸ் அண்ணன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவன் பட்டுவைக் கட்டிக்கொண்டதிலிருந்து மம்மிக்கு அவன் இல்லாதவன். பொட்டு வைத்த பெண் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னது உன் முன்னாலேயே நடந்ததுதானே. இத்தனைக்கும் இருவரும் இருப்பது மல்லாபூரில், ஒரு ஆட்டோ தூரம். நான் மட்டும் மம்மிக்குத் தெரியாமல் போய் வருவேன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, வேதா. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வைத்த பெயர். நான் படுத்ததிலிருந்து போகவில்லை. அண்ணனுக்கு விஷயமே தெரியாது.

உன் டைட்டனைப் பற்றி எழுது. அங்கே எல்லோரும் எதைக் குடிப்பார்கள்?

பிளெசி


பான்
8 ஆகஸ்ட் 2004

பிளெசி,

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். 'ஆராய்ச்சியைப் பார்' என்று எழுதியிருந்தாய். நானும் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னதை அம்மாவிடம் மறைக்கவில்லை. போனில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "ஊர்ல பொண்ணுங்க எல்லாம் புள்ளை பெத்துக்கறா. நீ உள்ள இருக்கறதைப் பிடுங்கிக் கொடுக்கறேங்கறே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்தப் பொண்ணு வீட்டுல வருஷா வருஷம் நமக்கு அச்சு முறுக்கு குடுத்து அனுப்புவாளே, அவளுக்கா இப்படி?" என்று கேட்டுவிட்டு அழுதாள். விண்கலம் சனியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று பேச்சை மாற்றினேன். "போயும் போயும் சனியைத்தான் புடிச்சியா? அதான் ஒண்ணும் நடக்க மாட்டேங்கறது" என்று போனை வைத்துவிட்டாள்.

டைட்டனில் யாராவது இருந்தால் மீத்தேனைத்தான் குடிப்பார்கள். ஆனால் அந்தக் குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். நம் உடம்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிற ரசாயனம் அங்கே நடந்து முடிய யுகம் ஆகலாம். அவர்களில் ஒருத்தி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், பேசாமல் இருக்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரிவதற்குள்ளேயே ஆயுள் முடிந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் கேட்கிறேன். சிலாஸ் அண்ணனிடம் ஏன் இன்னும் சொல்லவில்லை? அவன் மறுத்துவிடுவானோ என்று பயமா, ஒத்துக்கொண்டுவிடுவானோ என்று பயமா?

மழை நாளில் நம் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றி, கிளாக் டவர் பக்கத்து இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், நமக்குச் சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் வெளியே நனைந்துகொண்டு நின்றவன் அவன். பெண்கள் பேசும்போது ஆம்பளை உட்காரக் கூடாது என்பான். அவனிடம் சொல்லாமல் இருப்பது அவனுக்குச் செய்கிற மரியாதை என்று நீ நினைத்தால் அது தப்பு. நீ சொல்லாவிட்டால் நான் மல்லாபூருக்கு எழுதுவேன். எனக்கு விலாசம் தெரியாது, கண்டுபிடித்துவிடுவேன்.

என்னை வேண்டாம் என்றாய். அது இன்னும் வலிக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

பத்மா


செகந்திராபாத்
5 அக்டோபர் 2004

பத்மா,

உன் மிரட்டலை ஷெர்வினிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். மறுநாள் ஆபீஸுக்குப் போகிற மாதிரி கிளம்பி நேராக மல்லாபூர் போய்விட்டார். அண்ணன் வேலை செய்யும் பெயின்ட் ஃபாக்டரி வாசலில் ஷிஃப்ட் முடியும்வரை நின்றிருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மெஷினில் கிடக்கிறேன், சிலாஸ் அண்ணன் வந்து நிற்கிறான். பனியன் தெரிகிற சட்டை, நகத்தில் பச்சைப் பெயின்ட். தலையில் பாதி நரை. குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்தான், உடனே தலையைத் திருப்பிக்கொண்டு ராமசுவாமி சாரிடம் மணி என்ன என்று கேட்டான். பிறகு என் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"சின்ன வயசுல என் பென்சில், என் சைக்கிள், என் ரேடியோ, எல்லாத்தையும் கேக்காமயே எடுத்துக்குவே. இதுக்கு மட்டும் கைக்கு இவ்வளவு மரியாதை?" என்றான்.

நான் காலால் அவன் முதுகை இடித்தேன்.

"எனக்கு ரெண்டு இருக்கு. டெஸ்டுக்கு எங்க போகணும், சொல்லு."

ரத்தம் பொருந்துகிறது. மற்ற டெஸ்டுகளும் பொருந்துகின்றன. டாக்டருக்கே சந்தோஷம். ஆனால் மனைவியின் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம் என்கிறார்கள். பட்டு முடியாது என்றுவிட்டாள். ஷெர்வினிடம் நேராகவே சொன்னாளாம்: "என்னைப் படி ஏறக்கூடாதுன்னு சொன்ன வீட்டுக்கு என் புருஷனோட உடம்புல பாதி வேணுமா?"

நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக. அண்ணன் தினமும் அவளிடம் சண்டை போடுகிறான். வேண்டாம், எனக்காக உன் வீட்டை உடைக்காதே என்றேன். கேட்கவில்லை. மம்மியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மம்மிக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் திடீரென்று, "அந்தப் பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டார்கள். ஷெர்வின் சொன்னார். மம்மி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது பத்மா. ராமசுவாமி சார் போன வெள்ளி வரவில்லை. இன்றும் கட்டில் காலி. நர்ஸ் வேறு எங்கோ பார்க்கிறாள், அதனால் நானும் கேட்கவில்லை.

பிளெசி


பான்
17 ஜனவரி 2005

பிளெசி,

கிறிஸ்துமஸ் அன்று தாய்க்கலத்திலிருந்து கருவியைப் பிரித்து விட்டார்கள். உனக்கு அன்றே எழுத உட்கார்ந்தேன். மறுநாள் சுனாமியில் நம் கடற்கரை அப்படி ஆகிவிட்டது. மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் தெருப் பெண்களும் தரங்கம்பாடிப் பக்கத்துக்குச் சோறு சமைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரின் புகழைப் பாடி உனக்கு எழுதிய கையால் சில நாட்கள் எதையும் எழுத முடியவில்லை.

பொங்கலன்று அது டைட்டனில் இறங்கியது. நான் வெண்பொங்கல் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். பெரிய திரையின் முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். சாயங்காலம் முதல் படம் வந்தது. ஆறு ஓடின தடம் பிளெசி. கிளை கிளையாகப் பிரிந்து, மலையிலிருந்து இறங்கி வந்து, கரை மாதிரி ஒன்றில் முடிகிறது. மேலிருந்து பார்த்த காவிரி டெல்டா மாதிரியே இருந்தது. பிறகு தரையிலிருந்து ஒரு படம். ஆரஞ்சு வெளிச்சம். உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். ஓடுகிற திரவம் ஏதோ ஒன்று அவற்றை வெகுகாலம் உருட்டியிருக்கிறது. அது மீத்தேன்.

அந்தக் கற்கள் என்ன தெரியுமா? பெரும்பாலும் தண்ணீர்தான். ஐஸ். அந்தக் குளிரில் கருங்கல்லைப் போல இறுகிக் கிடக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டேன். வாயில் வைத்துக்கொள்ள ஐஸ் கட்டி, கரையவே கரையாது. ஒரு உலகமே அதனால் ஆகியிருக்கிறது. என் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் எதற்கு அழுகிறாய் என்றார். பொங்கலில் மிளகு கடிபட்டுவிட்டது என்றேன்.

பதில் சொல்லும் நாள் வந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. மழை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கரிமம் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்று சொல்ல ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. என்னை வற்புறுத்திக் கேட்டால், நீ அன்று சொன்னதன் பக்கமே கொஞ்சம் சாய்வேன். எங்கேயோ ஒன்று இருந்தால் அதற்கும் பெரும்பாலும் தண்ணீர் வேண்டியிருக்கும். உனக்குப் பிடித்த பதிலைச் சொல்ல எவ்வளவோ ஆசைப்பட்டேன். மன்னித்துக்கொள்.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இந்த முறை பேசாமல் இருப்பது கோபத்தினாலா, வேறு எதனாலாவதா? நான் போன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, உன் நம்பரை அழுத்தப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி போடு.

பத்மா


செகந்திராபாத்
18 பிப்ரவரி 2005

பத்மா,

இருக்கிறேன். டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியிலேயே கிறிஸ்துமஸ். அதெல்லாம் போகட்டும், சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

உன் கடிதத்தை மம்மிக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் கல்லாகக் கிடக்கிற இடம் வந்ததும், "மறுபடி படி" என்றார்கள். படித்தேன். உபதேசமெல்லாம் இல்லை. "நாளைக்கு ஆட்டோ கூப்பிடு. மல்லாபூர் போகணும்" என்றார்கள். அவ்வளவுதான்.

வெள்ளைப் புடவை, குடை, கையில் வேதபுத்தகம். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள் போல. நாச்சாரம் தாண்டியதும் ஃபாக்டரி நாற்றம் அடித்தது. "இங்கதான் இருக்கானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள்.

பட்டுதான் கதவைத் திறந்தாள். அண்ணன் ஷிஃப்டில் இருந்தான். வேதா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மம்மி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பட்டு நின்றுகொண்டே சொன்னாள், "தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டேன் அத்தை. கேட்டு, நீங்க வேணாம்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."

மம்மி நிமிர்ந்து பார்த்தார்கள். "கேக்காதே. கொண்டா."

அவள் சொம்பில் கொண்டுவந்தாள். மம்மி ஒரே மூச்சில் குடித்தார்கள், கழுத்து நரம்பு அசைய அசைய. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நேரம் தாகமே இல்லை பத்மா.

பிறகு பட்டு கீழே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குக் கேட்காமல் பேசினாள். "எனக்குப் பிளெசி மேல ஒரு வருத்தமும் இல்ல. இவருக்கு அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா? எங்க வீட்டுலயும் என்னைத் தலை முழுகிட்டாங்க. இவளைக் கூட்டிக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

"என் வாசல்ல" என்றார்கள் மம்மி.

"ஆபரேஷனுக்காகச் சொல்றீங்களா?"

மம்மி வேதா வரைந்துகொண்டிருந்த படத்தையே பார்த்தார்கள். "ஹவ், ஆமா. அதுக்காகத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ சம்மதிக்கலேன்னாலும் ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சாப்பிட வரணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

யோசிக்கணும் என்றாள் பட்டு. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மம்மி சமைத்த கறி அப்படியே இருந்தது. எனக்கு மம்மியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மெஷினில் ஊசி குத்துகிற நேரம், திரையை விலக்கிக்கொண்டு பட்டு உள்ளே வந்தாள், தனியாக. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முடிகிறவரை இருந்தாள். அந்த ஊசியின் பருமனைப் பார்த்தாள். நடுவில் எனக்குக் கால் இழுத்துக்கொண்டது, எழுந்து பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். வேதாவின் ஸ்கூலைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அந்தக் குழந்தைக்குத் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் தெலுங்கில் வருகிறதாம். முடிந்ததும் என் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "வாரத்துக்கு ரெண்டு தடவை இதேதானா?" ஆமாம் என்றேன். "யார் கிட்ட போய்ச் சரின்னு சொல்லணும்?" என்று கேட்டாள்.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை, அண்ணனுக்காக. வேதா எனக்குக் கொடுத்தனுப்பிய படத்தில் அவன் ஸ்கூட்டர் ஓட்டுகிறான்.

பிளெசி


பான்
20 மார்ச் 2005

பிளெசி,

இன்று குருத்தோலை ஞாயிறு. இங்கே தெருவில் குழந்தைகள் ஏதோ இலைக்கொத்துடன் போகிறார்கள். தென்னங்குருத்தில் சிலுவை மடிக்க டோரிஸ் ஆன்ட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. என்னுடையது எப்போதும் வெட்டுக்கிளி மாதிரி வரும், நீ அதையும் சர்ச்சுக்கு எடுத்துக்கொண்டு போவாய்.

நீண்ட கடிதம் எழுத வரவில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டேன். அம்மா வைத்தீஸ்வரன் கோயிலில் உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்திருக்கிறாள். சிலாஸ், பிளெசி என்று சொன்னதும் குருக்கள் நட்சத்திரம் கேட்டாராம். நல்ல நட்சத்திரமாப் பார்த்து நீங்களே போட்டுக்கோங்கோ என்றாளாம்.

என்னை வேண்டாம் என்றதற்கு இனிமேல் கோபம் இல்லை. பட்டுவின் கையைப் பிடித்து என் சார்பில் ஒரு வார்த்தை சொல். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர்கள் ஆட்களைப் பார்க்க விடும் நாள் எது என்று ஷெர்வினிடம் கேட்டு எழுதச் சொல். அன்றைக்கு டிக்கெட் போடுகிறேன்.

பத்மா


செகந்திராபாத்
30 ஜூன் 2005

என் பத்மா,

ஷெர்வின் போனில் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் நானே சொல்ல வேண்டும்.

அண்ணன் நன்றாக இருக்கிறான். என்னைவிட அவனுக்குத்தான் வலி அதிகம் இருந்தது. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே விடமாட்டார்கள். நான் படுத்தபடி கையைத் தூக்கினேன். அவன் விரலால் என் கட்டிலின் கீழே காட்டினான். மூத்திரம் சேர்கிற பிளாஸ்டிக் பை. நிறைந்திருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. நர்ஸ் அதைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் ஏதோ பரிசுக் கோப்பையைப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். தையல் இழுத்து அவன் அப்படியே குனிந்துவிட்டான்.

இப்போது எனக்குத் தண்ணீர் குடிப்பதுதான் வேலை. குடி, குடி என்று துரத்துகிறார்கள். முதல் தம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டு, "என்ன பாக்கறே, குடி" என்றாள். குடித்தேன். மோர் குடித்த அன்று வந்த மாதிரி பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. சாதாரணமாக இருந்தது. அப்படிச் சாதாரணமாக இருந்ததை நினைத்துத்தான் பிறகு அழுதேன்.

அண்ணன் குடும்பம் இப்போது மாரட்பள்ளியில், கீழ் அறையில். அவன் உடம்பு தேறும்வரை என்று பேச்சு. பட்டுவுக்கும் மம்மிக்கும் தினமும் சண்டை. குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது. நேற்று பட்டு கோபித்துக்கொண்டு பையை எடுத்துவிட்டாள். மம்மி வாசலில் நாற்காலியைப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்துகொண்டு, "போறதா இருந்தா என்னைத் தாண்டிப் போ" என்றார்கள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புளியைக் கரைத்தாள்.

என் கேள்விக்கு நீ சொன்ன பதிலைப் பற்றி நிறைய யோசித்தேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டாத ஓர் உயிராக ஆகிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மை. யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்துவிடலாமே என்றுதான். அப்படி ஒன்று அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் இருந்தால் இருக்கட்டும். அதைப் பார்த்து இனிமேல் எனக்குப் பொறாமை இல்லை.

பதினாறாம் தேதி பேகம்பேட் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வெளியே கார் நிற்கும் இடத்தில் தள்ளி நிற்கிறேன் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இருக்கிற போட்டோவில் உள்ள பெண்ணைத் தேடாதே. மாத்திரையில் என் முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. மேலுதட்டில் மீசை. முகத்தில் பாதிக்கு முகமூடி. உனக்கு அடையாளம் தெரியாது. அதனால் ஹோட்டல் டிரைவர்கள் வைத்திருப்பதைப் போல ஓர் அட்டையில் உன் முழுப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளப் போகிறேன். வேதா தமிழில் எழுதிப் பழகுகிறாள், அவளை எழுதச் சொன்னேன். 'ப்ரி' அவளுக்கு வரவில்லை, 'பத்மபிரயா' என்று இருக்கிறது. திருத்தவில்லை.

எந்த உலகத்திலிருந்து வந்ததோ என்று தோன்றும்படியாக ஒன்று அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு கை ஆட்டினால் பயந்து ஒதுங்கிப் போகாதே. பக்கத்தில் வா.

பிளெசி